அக்கா மகளுக்கு ஒரு கேசியோ: எதையெல்லாம் பார்த்தோம், எதை வாங்கினோம்

2022-ல் வியாசர்பாடியிலிருந்து அக்கா போன் செய்தாள். "சீட்டுப் பணம் வந்திருக்குடா. பாப்பாவுக்கு ஒரு கேசியோ வாங்கிக் குடுத்துடலாம்னு பாக்குறேன். ஒம்பதாயிரம் இருக்கு, அதுக்கு மேல முடியாது. நல்லதா ஒண்ணு சொல்லு." எங்கள் பக்கத்தில் கீபோர்டு என்றாலே கேசியோதான். யமஹா வாசிப்பவனையும் "கேசியோ வாசிக்கிறான்" என்பார்கள், ரோலண்ட் வாசிப்பவனையும் அப்படியே சொல்வார்கள். அதனால் அக்கா கேசியோ என்று கேட்டதை வைத்து அவள் கம்பெனியை முடிவு செய்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்பது வயதுப் பெண் கை வைத்ததும் சத்தம் வரும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

நான் ராயபுரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பதினைந்து வருடமாக கீபோர்டு வாசிக்கிறேன். இந்தக் கேள்வியை அக்காவுக்கு முன்னாலும் பலர் கேட்டிருக்கிறார்கள், அவளுக்குப் பிறகும் கேட்கிறார்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, எங்கே போனாலும் குழந்தைக்கு ஆசை வந்துவிட்ட ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால் அக்காவுக்காக அன்றைக்கு எதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், எதை ஏன் தள்ளினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் போன் ஆப். காசே ஆகாது என்று அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். கண்ணாடியில் விரல் வைத்தால் எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, கண் அதிலேயே இருக்க வேண்டும். அப்புறம் அம்மாவுக்குப் போன் வந்தால் பாட்டு நின்றுவிடும். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது சின்னக் கட்டை வைத்த கீபோர்டுகள். கேசியோவில் எஸ்ஏ-46 என்று 32 கட்டையில் ஒன்று, எஸ்ஏ-76 என்று 44 கட்டையில் ஒன்று. விலை அன்றைக்கு அக்கா சொன்ன ஒன்பதாயிரத்தைவிட நன்றாகவே குறைவு. இவற்றை வெறும் பொம்மை என்று ஒதுக்கிவிட முடியாது, டோன், அதாவது பியானோ, புல்லாங்குழல் என்று ஒவ்வொரு கருவி போல வரும் ஒலி, நன்றாகவே இருக்கும். நாலைந்து வயதுக் குழந்தைக்கு இதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்பது வயதுக்கு இது சரிப்படாது. கட்டையின் அகலம் குறைவு என்பதால் ஒரு ஸ வில் இருந்து மேல் ஸ வுக்கு விரல் நீட்டும் தூரம் வேறு, நாளைக்குப் பெரிய கட்டைக்கு மாறும்போது கை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இன்னொன்று, இவற்றில் ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம்தான் ஒலிக்கும். இடது கையில் கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்துவது), வலது கையில் பாட்டு, பின்னால் கீபோர்டே தானாகப் போடும் ரிதம் என்று மூன்றும் சேர்ந்தால் நடுவில் ஏதோ ஒன்று காணாமல் போகும். குழந்தை தான் தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

பிறகு, ஆன்லைனில் மூவாயிரம் நாலாயிரத்துக்கு 61 கட்டையோடு, மைக்கோடு, ஸ்டாண்டோடு, ஸ்டிக்கரோடு வரும் பெயர் தெரியாத கீபோர்டுகள். படத்தில் பார்த்தால் எல்லாமே இருக்கும். இப்படி ஒன்றை எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு நானே ஒருமுறை வாங்கிக் கொடுத்தேன், இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஆறாவது மாதம் அடாப்டர் போனது. அதற்குப் பிறகு நடுவில் மூன்று கட்டை அமுங்கினால் எழவில்லை. சரிசெய்ய எடுத்துக்கொண்டு போனால், எங்கே போனாலும் "இதுக்கு பார்ட்ஸ் கிடையாதுப்பா" என்ற ஒரே பதில். அந்தத் தம்பி வாசிப்பதையே விட்டுவிட்டான். கீபோர்டு கெட்டதால்தான் விட்டான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நாலாயிரத்தை இன்னும் இரண்டு மாதம் சேர்த்து வைத்திருக்கலாம் என்று அவன் அம்மா சொன்னது நினைவில் இருக்கிறது.

ஆர்மோனியத்தை அக்கா மாமியார் சொன்னார். அவருடைய அப்பா பஜனையில் வாசித்தவர். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், முப்பது வருடமானாலும் ரீடை மாற்றி வாசிக்கலாம், பாடக் கற்பதற்கு அதைப்போல ஒரு துணை இல்லை. ஆனால் தரையில் வைத்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியிலேயே இருக்கும், ஒரு கைதான் கட்டையில். பாப்பா கேட்டது சினிமாப் பாட்டும், சர்ச்சில் அண்ணன்கள் வாசிக்கும் கார்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். இன்னொரு விஷயம், கட்டையின் எண்ணிக்கை. ஆர்மோனியத்தில் மூன்று, மூன்றரை ஸ்தாயிதான் இருக்கும். 61 கட்டை என்றால் ஐந்து ஸ்தாயி, இடது கைக்குக் கீழே தனியாக இடம் கிடைக்கும். மாமியாரிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார், "பாட்டுக் கத்துக்கிறப்போ ஆர்மோனியம் வாங்கிக்கலாம்" என்றார். அது நியாயம்.

டிஜிட்டல் பியானோவும் ஒருவர் சொன்னார். யமஹா பி-45 போல 88 கட்டை, அழுத்தினால் கனமாக இறங்கும் கட்டை. பியானோ கற்பவர்களுக்கு அதுதான் சரி, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைக்கு அக்கா பட்ஜெட்டைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. அது மட்டுமில்லை, பதினொன்றரை கிலோ. அக்கா வீடு ஹவுசிங் போர்டில் தரைத்தளம், ஒரு ஹாலும் சமையலறையும். ராத்திரி பாய் போட வேண்டுமென்றால் அங்கே இருக்கும் எதுவுமே இடத்தை விட்டு நகர்ந்து கொடுக்க வேண்டும். மழை நாளில் பரண் ஏறவும் தெரிய வேண்டும். இதை அப்போதே சொன்னேன், பிறகு அதுவே நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் யோசனையே அதுதான். மூர் மார்க்கெட்டில் பார், தெரிந்த பையனிடம் கேள் என்பார்கள். நல்ல செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் அதைவிட லாபமானது இல்லை, நானே தொடங்கியது ஒரு பழைய கீபோர்டில்தான். ஆனால் கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும், அதன் அடியில் கரிப் பூச்சு, அது கீழே இருக்கும் போர்டில் தொட்டால்தான் சத்தம். ஈரமும் தூசியும் அங்கே சேர்ந்தால் சில கட்டை பேசாது, சில கட்டை தொட்டவுடன் கத்தும். திறந்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அதை ஒன்பது வயதுக் குழந்தையின் அம்மா செய்ய மாட்டாள். அதனால் பழையது வாங்கப் போனால் அவசரப்படாமல் 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள், பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் "அதெல்லாம் நல்லாருக்கு" என்று அவசரப்படுத்தினால் வந்துவிடுங்கள். அக்கா கேட்ட வாரத்தில் அப்படிப் பார்த்த இரண்டிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. காத்திருந்தால் நல்லது கிடைத்திருக்கும், ஆனால் பாப்பாவின் ஆசை சூடாக இருந்தபோதே கொடுக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள், நானும் அதையே நினைத்தேன்.

ஆக, கடைசியில் நின்றது பெரிய கம்பெனியின் புது 61 கட்டை கீபோர்டு. இதிலும் இரண்டு படி இருக்கிறது. டச் இல்லாதது, டச் இருப்பது. டச் என்றால், மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் பலமாகவும் ஒலிப்பது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனை வைத்து, முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளந்து, அதை வைத்து விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கருவி தெரிந்துகொள்கிறது. டச் இல்லாததில் இந்த அளவே கிடையாது, ஈ உட்கார்ந்தாலும் யானை மிதித்தாலும் ஒரே ஒலி.

டச் இல்லாத படியில் அன்றைக்கு என் முன்னால் இருந்தவை யமஹா பிஎஸ்ஆர்-எஃப்51, கேசியோ சிடி-எஸ்200. இரண்டுமே அப்போது பத்தாயிரத்துக்குள். எஃப்51 மிக எளிமையானது. பட்டன்கள் பெரிது, 120 டோன், 114 ரிதம், இந்திய ரிதமும் அதில் உண்டு, குழந்தைக்குக் குழப்பமே வராது. சென்னைக்குத் தெற்கே யமஹாவுக்கு ஒரு தொழிற்சாலையே இருக்கிறது, இந்த வகைக் கீபோர்டுகளை அங்கே செய்கிறார்கள், அதனால் சர்வீஸ் பற்றிக் கவலை குறைவு என்பது என் எண்ணம். குறை என்னவென்றால் சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டுவதற்குக் காலால் அழுத்துவது) மாட்ட இடம் இல்லை, யுஎஸ்பி இல்லை. சிடி-எஸ்200-ல் 400 டோன், 77 ரிதம், பெடல் மாட்டலாம், யுஎஸ்பி வயர் போட்டு போனிலோ லேப்டாப்பிலோ சேர்க்கலாம். எடை மூன்றே கால் கிலோ சொச்சம், பெட்டி மாதிரி தூக்கிப் போக உடம்பிலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. சிவப்பிலும் கிடைக்கும். எண்ணிக்கையைப் பார்த்து 400 டோன் என்றால் நானூறும் உபயோகப்படும் என்று நினைக்காதீர்கள், ஒரு வருடம் கழித்தும் வாசிப்பவன் பியானோ, ஸ்டிரிங்ஸ், புல்லாங்குழல், ஆர்கன் என்று பத்துப் பன்னிரண்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்பான்.

டச் இருக்கும் படியில் கேசியோ சிடி-எஸ்300, யமஹா பிஎஸ்ஆர்-இ373. எஸ்300 என்பது எஸ்200-ன் கூடப்பிறந்தது மாதிரிதான், அதே உடம்பு, கூடவே டச், ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசை இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கவனியுங்கள், கமகம் கொஞ்சமாவது கொண்டுவர வேண்டுமென்றால் ஸ்வரம் வளைய வேண்டும், கே. சத்யநாராயணன் போன்றவர்கள் கீபோர்டில் கர்நாடகம் வாசிப்பதைக் கேட்டால் அது எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரியும். இ373-ன் டோன்கள் என் காதுக்கு இந்த வரிசையிலேயே இனிமையானவை, பியானோ டோன் முக்கியமாக, ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரி மேலே. இந்தியப் பாட்டுக்கென்றே தபலா, தோலக் ரிதங்களோடு வரும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் எல்லாம் இன்னும் மேலே. ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் பையன்கள் ஆசைப்படும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10-க்கு ஸ்பீக்கரே கிடையாது, வீட்டில் முதல் கருவியாக அதை வாங்காதீர்கள்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குழந்தை மாஸ்டரிடம் வகுப்புக்குப் போகிறது, லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு பரீட்சை எழுதப் போகிறது என்றால் டச் இருப்பதையே வாங்குங்கள், சேர்த்து வைத்தாவது வாங்குங்கள், டச் இல்லாததில் பழகிய விரல் எல்லாக் கட்டையையும் ஒரே மாதிரி அடிக்கும், அதை மாற்ற மாஸ்டர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பியானோவுக்கும் தனித்தனிப் பரீட்சை என்பதையும் மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வகுப்பும் இல்லை, குழந்தைக்கு நிஜமாகவே பிடிக்குமா என்றும் தெரியாது, கேள்வி ஞானத்தில் தட்டிப் பார்க்கப் போகிறது என்றால், டச் இல்லாத எளிய கீபோர்டு போதும். இதை நிறையப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. "ரெண்டாயிரம் மூவாயிரம் சேர்த்துப் போட்டா டச் வந்துடுமே" என்பார்கள். அந்த மூவாயிரம் அக்கா வீட்டில் ஒரு மாத மளிகை. அதைச் சேர்க்க மூன்று மாதமாகும், அந்த மூன்று மாதத்தில் பாப்பாவுக்கு வேறு ஆசை வந்திருக்கலாம்.

எளிய கீபோர்டில் எனக்குப் பிடித்தது இன்னொன்று உண்டு. விலை அதிகமான கருவி வீட்டுக்கு வந்தால் அதற்குத் துணி போர்த்தி, "பாத்துத் தொடு" என்று சொல்லிச் சொல்லியே குழந்தையைத் தூர நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாயிரத்தில் வந்தது தரையில் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து அடிப்பார்கள், ரிதத்தைப் போட்டுவிட்டு ஆடுவார்கள். கானா பாட்டுக்கு ரிதம் தேடுவதே ஒரு விளையாட்டாகும். இந்த மலிவுக் கீபோர்டின் ரிதத்தை லேசாக நினைக்கவே கூடாது. கேசியோ 1981-ல் எம்டி-40 என்று ஒரு சின்னக் கீபோர்டு விட்டது, அதில் 'ராக்' என்று ஒரு ரிதம், அதை அமைத்தவர் கேசியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். 1985-ல் ஜமைக்காவில் அந்த ஒரு ரிதத்தின் மேல் ஒரு பாட்டுக் கட்டினார்கள், அந்த ஊர் ரெக்கே இசையே அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒலிக்கு மாறியது. வீட்டு உபயோகத்துக்கென்று செய்த ஒரு பட்டன்தான் அது.

இன்னொரு பட்டன், டிரான்ஸ்போஸ், விரல் வைக்கும் இடத்தை மாற்றாமல் ஸ்ருதியை மட்டும் ஏற்றி இறக்குவது. பாடுகிறவர்கள் இருக்கும் வீட்டில் இது டச்சைவிட முக்கியம். நம் ஆட்கள் ஸ்ருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், ஒரு கட்டை என்றால் சி, நாலு கட்டை என்றால் எஃப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடுவாள். அதை நேராக வாசித்தால் கருப்புக் கட்டை அதிகம், புதிதாகக் கற்கும் விரலுக்குக் கஷ்டம். டிரான்ஸ்போஸை மாற்றிவிட்டால் பாப்பா சி-யிலேயே வாசிப்பாள், ஒலி அக்காவின் ஸ்ருதியில் வரும். ரொம்ப நாள் இதையே நம்பக் கூடாது, ஆனால் முதல் வருடத்தில் அம்மா பாடப் பெண் வாசிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நாங்கள் வாங்கியது சிவப்பு சிடி-எஸ்200. எஃப்51-ஐ விட்டதற்குக் காரணம் பெடலும் கைப்பிடியும்தான், வேறு குறை அதில் எனக்குத் தெரியவில்லை. வாங்கும்போது கவனித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடாப்டர் பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனிக் காசா என்று கேளுங்கள். இந்த கேசியோவுக்கு 9.5 வோல்ட், யமஹாவுக்கு 12 வோல்ட், முனை உள்ளே போகிறதே என்று வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் சொருகாதீர்கள், நான் பார்த்த பாதி ரிப்பேர் அதனால் வந்ததுதான். ஹெட்போன் துளை சில மாடலில் போன் அளவு, சிலவற்றில் பெரியது, அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஹெட்போன் இல்லாமல் ராத்திரி வாசிக்கவே முடியாது, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களும் நம் வரிசையில் உண்டு. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் இரண்டிரண்டு வாட்தான், வீட்டுக்குப் போதும், தெரு ஜெபக்கூட்டத்துக்குப் போதாது, அங்கே மைக் செட்டின் சவுண்ட் மிக்ஸரில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்டு உடனே வேண்டாம், ஆனால் மடியில் வைத்து வாசிக்க விடாதீர்கள், மணிக்கட்டு மடங்கிப் பழகிவிடும், அயர்ன் பண்ணும் மேஜை உயரம் சரியாக இருந்தால் அதுவே போதும். கவர் மட்டும் அன்றே வாங்குங்கள், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் கண்டிப்பாக, அங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலம் மேஜையில் படிந்த தூசியில் விரலால் பெயர் எழுதலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. அக்கா முதலில் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்தாள், பாப்பா கீபோர்டைக் கைப்பிடியில் பிடித்து நாற்காலி மேல் ஏறிப் பரணில் தள்ளிவிட்டாள். பத்து வயதுப் பெண் தனியாகத் தூக்கக்கூடிய எடை அது. பிரிட்ஜ் போனது, மெத்தை போனது. கரண்ட் வர நாட்களானது. மாடி வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்த அந்த ராத்திரிகளில் ஆறு சின்ன பேட்டரியைப் போட்டு அவள் வாசித்தாள் என்று அக்கா பிறகு சொன்னாள். மாடி வீட்டுப் பாட்டி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அடுத்த வருடம் பாப்பா வகுப்பில் சேர்ந்தாள். மாஸ்டர் முதல் நாளே டச் இல்லையே என்றார், அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருடத்தில் அவள் இரண்டு கையாலும் வாசிக்கப் பழகியிருந்தாள், இனி இதில் பணம் போடலாம் என்று அக்காவுக்கும் தைரியம் வந்திருந்தது. இ373 வாங்கினோம், கொஞ்சம் தவணையில். சிவப்புக் கீபோர்டை காசிமேட்டில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் தன் மகனுக்கு நாலாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். எடுக்கும் முன் அவர் 61 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், பேட்டரி அறையைத் திறந்து பார்த்தார், நான்தான் அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுந்தது. அதைத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.